நாலாவது பெயர்

வெள்ளிக்கிழமை, பிற்பகல்

கர்த்தருக்குள் என் பிரியமானவருக்கு,

நடுக்கடலில் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறவருக்கு ஸ்தோத்திரம். வீட்டில் நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். அத்தைக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. ஆனால் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் கோபம் வருகிறது. போன வாரம் நீங்கள் கூப்பிட்டபோது பேச்சு பாதியில் அறுந்துவிட்டதால், விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் உங்கள் கைக்கு வந்துவிடும் என்றார்கள்.

நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில். உங்கள் தம்பியின் பெயர் வந்துவிட்டது. நாலு பேரில் நாலாவதாக.

அது சும்மா வரவில்லை. சபையில் இப்போது நாற்பது குடும்பத்துக்கு மேல் ஆகிவிட்டது. போதகர் ஒருவரே எல்லா வீட்டுக்கும் போய் நலம் விசாரிக்க முடியவில்லை. அதனால் நாலு வீட்டுக்குழுவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரை வைப்பதென்று முடிவானது. சம்பளம் கிடையாது. வாரம் இரண்டு வீடு போக வேண்டும், உட்கார்ந்து கேட்க வேண்டும், ஜெபிக்க வேண்டும். பன்னிரண்டு பேர் மனு கொடுத்தார்கள். தேர்ந்தெடுக்க மூன்று பேர்: போதகர், மருந்துக்கடைக்காரர், நான். தேர்வானவர்களுக்குப் பத்து வாரம் வகுப்பு எடுக்கிற பொறுப்பும் என் தலையில்தான். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்க்கிறவளுக்கு இது எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். போன தடவை ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு நான் எடுத்த வகுப்பு பிடித்துப்போய்விட்டதாம்.

ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரே கேள்விகளைக் கேட்டோம். அதில் ஒன்று, உங்களை நம்பி ஒருவர் ஒரு ரகசியத்தைச் சொன்னால் அதை யாரிடம் சொல்வீர்கள் என்பது. மற்றவர்கள் எல்லாம் யோசித்து யோசித்துப் பதில் சொன்னார்கள். உங்கள் தம்பி ஒரு நொடிகூட எடுக்கவில்லை. “கர்த்தர்கிட்ட மட்டும்தான்” என்றான். போதகர் மேசையைத் தட்டிச் சிரித்தார். மருந்துக்கடைக்காரரே சிரித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அவன் வெளியே போனதும் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “தங்கமான பையன். ஆனா எனக்கு வேணாம்” என்றார். ஏன் என்று போதகர் கேட்டார். “என் கடைக்கு யார் வந்து என்ன மாத்திரை வாங்குறாங்கன்னு இருபத்திரண்டு வருஷமா என் வீட்டுக்காரிக்கே தெரியாது. அந்த மாதிரி ஆளுதான் இந்த வேலைக்கு வேணும். இவன் வாய்க்குக் கதவு இருக்கு, தாழ்ப்பாள் இல்ல” என்றார்.

போதகர் விடவில்லை. பார்வையில்லாத அந்தப் பழைய குமாஸ்தா குளியலறையில் விழுந்தபோது, தோளில் தூக்கிப்போய் மூன்று நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தது யார் என்று கேட்டார். எந்த வீட்டில் பிரிட்ஜ் நின்றாலும் கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிறவன் யார் என்று கேட்டார். அதுவும் உண்மைதானே? அவன் ரிப்பேருக்குப் போன வீட்டில் எல்லாம் இரண்டு பேராவது சபைக்கு வந்திருக்கிறார்கள்.

ஒருவர் வேண்டும் என்கிறார், ஒருவர் வேண்டாம் என்கிறார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் கொழுந்தன், நான் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கலாம். பத்து வருஷம் கோயில் வாசலையே மிதிக்காமல் கிடந்தவன், இந்த இரண்டு வருஷமாகத்தான் மனுஷனாக நடமாடுகிறான், அவனுக்கு ஒரு பிடிப்பு கிடைத்தால் நிலைத்து நிற்பான் என்று நீங்கள் சொன்னதுதான் அந்த நேரம் எனக்குள் ஓடியது. போடுங்கள் என்றேன்.

மருந்துக்கடைக்காரர் மறுபேச்சுப் பேசவில்லை. பெயரை எழுதிக்கொண்டு, “வகுப்பு எடுக்கப்போறது நீங்க. பார்த்துக்குங்க” என்று மட்டும் சொன்னார்.

அத்தை அன்றைக்கே அவனுக்குப் புதுச் சட்டை வாங்கிவிட்டார்கள். நாலு பேரையும் பொறுப்பில் வைக்கிற அர்ப்பணிப்பு ஆராதனை இன்னும் பத்து வாரம் கழித்து. உங்கள் கழுத்தில் அந்த வேர்க்குரு இன்னும் இருக்கிறதா? எண்ணெய்க் கையோடு சொறியாதீர்கள்.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

என்றும் உங்கள்
மனைவி


திங்கட்கிழமை, மதிய இடைவேளை

என் பிரியமானவருக்கு,

ஸ்தோத்திரம். கடையில் தேய்க்கிற மெஷின் மக்கர் செய்கிறது, மெக்கானிக் வரும்வரை கை சும்மா இருக்கிறது. அதனால் சின்னதாக ஒரு கடிதம். உங்கள் கடிதமும் படமும் வந்தன. இஞ்சின் அறையில் நிற்கிற உங்களைப் பார்த்து அத்தை, “இவன் சாப்பிடுறானா இல்ல இஞ்சினுக்கே குடுத்துடுறானா” என்று கேட்டார்கள்.

வகுப்பு ஆறு வாரம் முடிந்துவிட்டது. சனிக்கிழமை மூன்று மணிக்குக் கோயிலின் பின் அறையில் நடக்கிறது. அடுத்த அறையில் பிள்ளைகள் பாட்டுப் பழகுகிறார்கள், நடுவில் கண்ணாடித் தடுப்பு. ஒரு வாரம் எப்படிக் கேட்பது, ஒரு வாரம் எப்போது வாயை மூடுவது, ஒரு வாரம் நம்மால் முடியாததை யாரிடம் அனுப்புவது என்று போகிறது. தனியாக எந்த வீட்டுக்கும் போகக் கூடாது, இரண்டு பேராகத்தான் போக வேண்டும் என்பதை வாரம் தவறாமல் சொல்கிறேன்.

உங்கள் தம்பிதான் வகுப்பிலேயே கெட்டிக்காரன். ஒருவர் துக்கத்தில் இருப்பதுபோல் நடிப்பார், இன்னொருவர் அவரிடம் பேசிப் பழக வேண்டும். மற்றவர்கள் புத்தகத்தில் படித்ததை ஒப்பிப்பார்கள். இவன் நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவான், அவ்வளவுதான். நடிக்கிறவருக்கே நிஜமாக அழுகை வந்துவிடுகிறது.

ஆனால் போன சனிக்கிழமை ஒன்று நடந்தது. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

ஓர் உதாரணம் சொல்லுங்கள் என்றேன். இவன் எழுந்து, நம் சபையில் ஒரு குடும்பம், மகன் வேலை போனதை அப்பாவிடம் மறைத்து, தினமும் பையை மாட்டிக்கொண்டு பூங்காவில் போய் உட்கார்ந்திருக்கிறான் என்று உருக்கமாகச் சொன்னான். பெயர் சொல்லவில்லைதான். ஆனால் தினமும் பையை மாட்டிக்கொண்டு போகிற மகன் நம் சபையில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? வகுப்பில் மற்ற மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அவசரமாக அடுத்த பாடத்துக்குப் போனேன்.

வகுப்பு முடிந்ததும் அவனைத் தனியாக நிறுத்திக் கேட்டேன். “அண்ணி, எல்லாரும் ஜெபிக்கட்டும்னுதானே சொன்னேன்? ஊர்வம்பா பேசினேன்?” என்றான். அவனிடம் சொன்னதை அவன் சொல்லலாம் என்று அந்தப் பையன் சொன்னானா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பிறகு, இனிமேல் இப்படி நடக்காது என்று என் கையைப் பிடித்துச் சொன்னான். கண் கலங்கியிருந்தது.

வகுப்பில் யாராவது இப்படித் தவறினால் மற்ற இருவருக்கும் நான் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. சொல்லவில்லை. இன்னும் நாலு வாரம் இருக்கிறது, திருத்திவிடலாம் என்று நினைக்கிறேன். நீங்களும் அடுத்த தடவை பேசும்போது, நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாமல், ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் பேச்சைத்தான் அவன் கேட்பான்.

மெக்கானிக் வந்துவிட்டார்.

உங்கள்
மனைவி


செவ்வாய்க்கிழமை, காலை

என் பிரியமானவருக்கு,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதீர்கள். வேலை முடிந்து, உட்கார்ந்து படியுங்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: யார் உயிருக்கும் ஆபத்தில்லை. அத்தை போனில் உங்களிடம் அழுதுகொண்டே ஏதோ சொன்னதும், பாதியில் லைன் போய்விட்டதும் அடுத்த அறையில் எனக்குக் கேட்டது. அவர்கள் சொன்னது பொய்யில்லை, ஆனால் அது கடைசிப் பகுதி. முதலிலிருந்து நான் எழுதுகிறேன்.

ஒரு வருஷத்துக்கு முன் நம் சபைக்கு ஒரு பெண் வந்தாள். சலவை நிலையத்தில் வேலை. ஆறு வயதில் ஒரு மகள். எந்த ஊர் என்று கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவாள். நானும் கேட்டதில்லை. ஒன்பதாவது வாரம் உங்கள் தம்பி அந்தச் சலவை நிலையத்துக்கு மெஷின் பார்க்கப் போயிருக்கிறான். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவான் என்று எழுதியிருந்தேனே, அங்கேயும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பான். அவள் பதினோரு மாதம் யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொல்லியிருக்கிறாள். புருஷன் அடித்து இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது, அவன் இன்னும் தேடிக்கொண்டிருப்பது எல்லாம்.

அன்று இரவு சாப்பாட்டில் அவன் சரியாகக் கை வைக்கவில்லை. மனசு தாங்கவில்லை என்று நினைக்கிறேன். மறுநாள் காலை சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஜெபக் குறிப்பு போட்டுவிட்டான். கொடுமைக்காரக் கணவனுக்குத் தப்பி வந்து, சலவை நிலையத்தில் பாடுபடும் நம் சகோதரிக்காகவும் அவள் மகளுக்காகவும் பாரத்தோடு ஜெபியுங்கள் என்று. பெயர் போடவில்லை. நான் வேலையில் இருந்தேன், மத்தியானம்தான் பார்த்தேன். உடனே கூப்பிட்டு அழிக்கச் சொன்னேன், அழித்தான். அதற்குள் அறுபது பேர் படித்து, நல்ல மனசோடு நம் சபையின் பெயரையும் போட்டு வேறு சபைகளுக்கும் அனுப்பிவிட்டார்கள்.

அவளிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். சலவை நிலையத்து வாசல்வரை போனேன். உள்ளே அவள் போர்வை மடித்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். இந்தச் செய்தி எங்கே போய்ச் சேரப்போகிறது, வீணாக அவளை ஏன் கலங்கடிக்க வேண்டும் என்று திரும்பிவிட்டேன். அந்த வாசலை நான் ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அது செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை கடைசி வகுப்பு, மறுநாள் அர்ப்பணிப்பு. நாலு மணி இருக்கும். போதகர் ஓர் அடக்க ஆராதனைக்குப் போயிருந்தார். மறுநாள் எப்படி நிற்பது, எப்போது முழங்காலிடுவது என்று நாலு பேருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். மருந்துக்கடைக்காரர் நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் ஏழெட்டுப் பிள்ளைகள் பாடுகிறார்கள். அவள் மகளும் அதில் இருக்கிறாள்.

கதவைத் தட்டிவிட்டு ஒருவர் உள்ளே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பிஸ்கட் பெட்டி. உங்கள் தம்பி வழக்கம்போல “வாங்க வாங்க, உட்காருங்க” என்று நாற்காலியை இழுத்தான். வந்தவர் உட்கார்ந்து, போனை எடுத்து எங்களிடம் காட்டினார். அந்த ஜெபக் குறிப்பு. “நீங்க எல்லாரும் ஜெபிச்சீங்களாமே. அந்த ஜெபம் கேட்கப்பட்டுடுச்சு. நான் வந்துட்டேன்” என்று சிரித்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

அவர் முதுகு கண்ணாடித் தடுப்புப் பக்கம் இருந்தது. திரும்பினால் பிள்ளை தெரிவாள். நான் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியை ஓரமாக வைத்துவிட்டு, ஏதோ மறந்தவர்போல வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் பாட்டு நின்றது. பின்வாசல் வழியாக எல்லாப் பிள்ளைகளையும் தன் கடைக்குக் கூட்டிப்போய், சரக்கு அறையில் உட்காரவைத்துவிட்டுப் போலீசுக்கும் சலவை நிலையத்துக்கும் போன் செய்திருக்கிறார். அது எனக்கு அப்போது தெரியாது. பாட்டு நின்றதை இவர் கவனித்துவிடுவாரோ என்று நான் வாய்க்கு வந்ததைப் பேசினேன். எங்கிருந்து வருகிறீர்கள், பஸ் எப்படி இருந்தது, தண்ணீர் குடிக்கிறீர்களா என்று. அவர் எல்லாவற்றுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னார். பிறகு, “இதை எழுதினது யாரு?” என்று கேட்டார்.

உங்கள் தம்பி எழுந்து, “நான்தான்” என்றான்.

“அப்போ உங்களுக்கு வீடு தெரியும்.”

அவன் பதில் சொல்லவில்லை. இன்னொரு தடவை கேட்டார். அப்போதும் சொல்லவில்லை. அவர் எழுந்து அவன் கன்னத்தில் அறைந்தார். நான் அவனுக்குத் தேய்த்துக்கொடுத்த கண்ணாடி சுவரில் அடித்துத் தெறித்தது. மற்ற மூவரும் பாய்ந்தார்கள், அவன்தான் கையைக் காட்டி நிறுத்தினான். சட்டையைப் பிடித்து உலுக்கி உலுக்கிக் கேட்டார். உதடு கிழிந்து இரத்தம் வந்தது. பேசாமல் ஒரு நிமிஷம் இருக்க மாட்டானே உங்கள் தம்பி, போலீஸ் வரும்வரை, இருபது நிமிஷம், தெரியாது என்றுகூடச் சொல்லவில்லை. சொன்னால் பொய்யாகும் என்று நினைத்தானோ, வாயைத் திறந்தாலே ஏதாவது வந்துவிடும் என்று பயந்தானோ, நான் கேட்கவில்லை.

போலீஸ் வந்ததும் அந்த ஆள் மறுபடி சிரித்த முகத்தோடு அவர்களுடன் போனார். பிஸ்கட் பெட்டி மேசைமேலேயே இருந்தது.

நான் மருந்துக்கடைக்கு ஓடினேன். சரக்கு அறையில் அந்தப் பெண் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. “நான் ஒருத்தர்கிட்டதானே சொன்னேன்?” என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கதானே, அக்கா?” என்று கேட்டாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டமாதிரிதான் இருந்தது. ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

பொழுது சாயும்முன்பே இரண்டு பையோடு அவர்கள் போய்விட்டார்கள். மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும்தான் கொண்டுபோய் விட்டார்கள். வேலை போயிற்று, பள்ளிக்கூடம் போயிற்று. அந்தப் பிள்ளை இப்போதுதான் எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பித்திருந்தாள்.

ஞாயிறு காலை ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன் மூவரும் கூடினோம். போதகர், “தப்பு நடந்துபோச்சு. ஆனா பையன் அடி வாங்கினான், வாய் திறக்கல. இந்தப் பத்து வாரத்துல படிக்க வேண்டியதை ஒரே நாள்ல படிச்சுட்டான். அவனையும் முன்னால நிக்க வைக்கலாம்” என்றார். மறுபடியும் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

ஆறாவது வாரமே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். பூங்காவில் உட்கார்ந்திருக்கிற பையனின் கதையையும், நான் மறைத்ததையும், சலவை நிலையத்து வாசலில் திரும்பியதையும் சொன்னேன். அவனை மன்னித்து எப்போதும்போல நம்மோடு வைத்துக்கொள்வோம், ஆனால் அவன் கையில் பத்துக் குடும்பத்தை இப்போது கொடுக்கக் கூடாது, எனக்கும் இந்த வேலை வேண்டாம் என்றேன். போதகர் பட்டியலை எடுத்து நாலாவது பெயரை அடித்தார்.

அவனிடம் நான்தான் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அத்தை இஸ்திரி போட்டுக் கொடுத்த அந்தப் புதுச் சட்டையில், வீங்கின கன்னத்தோடு கேட் பக்கத்தில் நின்றிருந்தான். சொன்னேன். “சரி அண்ணி” என்றான். அவ்வளவுதான். உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். முன்னால் மூன்று பேர் முழங்காலிட்டார்கள், போதகர் தலையில் கைவைத்து ஜெபித்தார். ஏன் மூன்று பேர் என்று சபையாரிடம் நான் எழுந்து நின்று சொன்னேன். அவன் பெயரைச் சொல்லவில்லை, என் தவறை மட்டும் சொன்னேன். ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

அன்றிலிருந்து அத்தை என்னோடு பேசுவதில்லை. பேசியது ஒரே ஒரு தடவை. “அடி வாங்கிட்டு வந்தவனை நீயும் அடிச்சுட்டியே” என்றார்கள். சாப்பாடு போட்டு வைத்தால் நான் அறையை விட்டுப் போனபிறகு சாப்பிடுகிறார்கள். அத்தைமேல் எனக்குக் கோபமில்லை, நீங்களும் கோபப்படாதீர்கள்.

அவன் வேலைக்குப் போகிறான், வருகிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் படுத்திருக்கிறான். புதுக் கண்ணாடி செய்து அவன் மேசைமேல் வைத்தேன், தொடவில்லை. உடைந்ததையே டேப் ஒட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறான். போனை அணைத்து அத்தையின் பீரோவில் வைத்துவிட்டான். கம்பெனி ஆட்கள் வாசலுக்கு வந்துதான் அவனுக்கு வேலை சொல்கிறார்கள். போதகர் இரண்டு தடவை வந்தார். எழுந்து உட்கார்ந்து, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். எதற்கும் பதில் இல்லை. பழைய பத்து வருஷம் திரும்பிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

மருந்துக்கடைக்காரர் நேற்று எங்கள் கண்ணாடிக் கடைக்கு வந்தார். அடுத்த வருஷ வகுப்பையும் நான்தான் எடுக்க வேண்டும் என்றார். “எங்க சறுக்கும்னு தெரிஞ்ச ஆளு இப்ப நீங்க ஒருத்திதான்” என்றார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. தாயும் பிள்ளையும் எங்கே இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. நன்றாக இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டேன். இருக்கிறார்கள் என்றார்.

இப்போது நான் உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். நான் செய்தது சரியா தப்பா என்று நீங்கள் எழுத வேண்டாம். நீங்கள் வந்தபிறகு அதைப் பேசிக்கொள்வோம். அவனுக்கு எழுதுங்கள். எனக்கு எழுதுகிற கடிதத்துக்குள் அவனுக்கும் நாலு வரி என்று வேண்டாம். தனி உறையில், அவன் பெயர் போட்டு எழுதுங்கள். திட்டி எழுதினாலும் பரவாயில்லை, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். தபால் வந்தால் பிரிக்காமல் அவன் கையில் கொடுக்கிறேன். அதில் என்ன எழுதியிருந்தீர்கள் என்று அவனிடமும் கேட்க மாட்டேன், உங்களிடமும் கேட்க மாட்டேன்.

உங்களைச் சுமந்து போகிற தண்ணீரைக் கர்த்தர் அமைதியாக வைத்திருப்பாராக. இந்த வீட்டையும்.

உங்கள்
மனைவி